ஆணையும் தாய்மொழியும்

படை கொண்டு நாட்டைப் பரப்புதல் வேந்தர்க்கு எளிது. அந்நாட்டு மக்களின் உள்ளத்தைப் பிணித்தல் அரிது. உருசிய நாட்டு வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

மாஸ்கோவைச் சூழ்ந்த சிறு நாடாயிருந்த உருசியா, 1552-இல் வோல்கா ஆற்றங்கரைக் கசானை வென்றது. சைபீரியாவைக் கடந்து 1639-இல் பசிபிக் கடற்கரையை எய்தியது. 1721-இல் மாமன்னர் பீட்டர் பேரரசர் என்னும் பட்டம் புனைந்தார். அப்பேரரசின்கீழ்ப் பல இனத்தார் வாழ்ந்தனர். 1897-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, இன்று உருசியம் எனப்படும் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு 44 பேரே ஆவர்.

உருசிய மொழியில் 'ரூஸ்கி' என்பது இனத்தையும் மொழியையும் சுட்டும். 'ரொசீஸ்கி' என்பது அரசைச் சுட்டும். சொல் இரண்டாயினும், அரசு இரண்டையும் ஒன்றாக்க முனைந்தது. உக்கிரேனியத்தைத் தனிமொழியென ஏற்க மறுத்து, 1876-இல் அம்மொழியில் நூல் அச்சிடுவதற்குக் கடுந்தடை விதித்தது.

அதற்கு முன்பே அம்மொழிக்காகத் துன்புற்றவர் தாராஸ் செவ்சென்கோ. பண்ணையடிமைக் குடியிற் பிறந்த அக்கவிஞரை 1847-இல் முதலாம் நிக்கோலாஸ் மன்னர் படைவீரராக்கித் தொலைநாட்டிற்கு ஓட்டினார். எழுதுதலும் ஓவியம் தீட்டுதலும் கூடாவென ஆணையிட்டார். செவ்சென்கோவோ சிறு ஏடுகளிற் கவிதை எழுதிக் காலணியுள் மறைத்து வைத்தார்.

1917-இல் முடியரசு வீழ்ந்தது. 1991-இல் சோவியத்து ஒன்றியமும் கலைந்து 15 நாடுகளாயிற்று; உக்கிரேன் அவற்றுள் ஒன்று. மன்னர் ஆணை மறைந்தது. காலணியுள் ஒளிந்த கவிதையோ இன்றும் அந்நாட்டார் நாவில் வாழ்கின்றது.