உருவம் வேறு, உறவு வேறு

மலேசியாவின் பூச்சோங்கில் தமிழர் வீட்டு வாசல்களில் கறிவேப்பிலைச் செடியைப் பரவலாகப் பார்க்கலாம். நம் தாளிப்புக்கு முந்திக்கொண்டு அதைத் தின்பது கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதில் பறவை எச்சம் போலக் கிடக்கும், வளர்ந்தபின் இலைப்பச்சை. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றமடிக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கைப்பேசியை நீட்டினார். "தம்பி, இது ஏதோ அபூர்வமா இருக்கே, புது இனமோ?" கறுப்பு இறகு, பின்னிறகில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் செம்புள்ளி. பார்த்தால் ரோசா அழகியேதான். ரோசா அழகி புழுவாக இருக்கும்போதே நச்சுக்கொடியைத் தின்று வளர்வதால் பறவைகள் அதை ஒதுக்கிவிடும். ஆனால் அதன் உடம்பு சிவப்பு. படத்தில் இருந்ததற்கோ கறுப்பு உடம்பு. கறிவேப்பிலை அழகியின் பெண்தான் ரோசா அழகி வேடம் கட்டியிருக்கிறது. வேடம் கட்டாமல் ஆணைப் போலவே இருக்கும் பெண்ணும் இதே இனத்தில் உண்டு.

இதில் ஏமாந்தவர்கள் சாமானியர்கள் அல்லர். இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் ஆணுக்குப் 'பம்மோன்' என்றும் பெண்ணுக்குப் 'பாலிடெஸ்' என்றும் தனித்தனி இனப்பெயர் வைத்தார். மலாய்த் தீவுக்கூட்டத்தைச் சுற்றி வந்த இயற்கையியலாளர் வாலஸ், 1865இல் வெளியிட்ட கட்டுரையில், இத்தனை உருவமும் ஒரே இனம் என்று விளக்கினார். பிறகு ஃப்ரையர் என்ற ஆய்வாளர் இலங்கையில் தலைமுறை தலைமுறையாக இவற்றை வளர்த்து, ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வெவ்வேறு உருவத்தில் மகள்கள் வருவதை 1913இல் எழுதினார். கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014இல், வேடத்தைத் தீர்மானிப்பது 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே மரபணு என்று காட்டினார்கள். ஆண், பெண் உடல் வேறுபாட்டை அமைப்பதும் அதே மரபணுதான்.

இதற்கு நேர்மாறும் நடக்கும். அச்சில் வார்த்தது போலிருக்கும் இரண்டு பூச்சிகளின் இனப்பெருக்க உறுப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டால், அவை வேறு வேறு இனமாக இருக்கும். அதனால், 'தனி இனம்' என்று அறிவிக்க ஓர் அழகான படம் போதாது. அது எதோடு கூடுகிறது, அதன் பிள்ளைகள் எப்படி இருக்கின்றன, எந்த இலையைத் தின்கின்றன என்று கேட்க வேண்டும். நம் ஊரில் சம்பந்தம் பேசும் பெரியவர்களும் முகத்தைப் பார்த்து முடிவுசெய்வதில்லை. வீட்டுக்குப் போய் விசாரிக்கிறார்கள். வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடியும், மருந்தடிக்காத பொறுமையும் இருந்தால் அந்த விசாரணையை யாரும் தொடங்கலாம்.