பச்சைக்கு இருவர் வேண்டும்

விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தின் பக்கத்தைத் திருத்தத் திறந்தால் திரை இரண்டாகப் பிரியும். ஒரு பாதியில் அச்சுப் பக்கத்தின் படம், மறுபாதியில் அந்தப் படத்திலிருந்து கணினி வாசித்தெடுத்த எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டு, எழுத்துக்கு எழுத்து சரிசெய்வதுதான் மெய்ப்புப் பார்ப்பவரின் வேலை. முடித்துச் சேமித்ததும் சிவப்பாக இருந்த பக்கம் மஞ்சளாகும். பச்சையாக வேண்டுமென்றால் இன்னொருவர் வந்து முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க வேண்டும். மஞ்சளாக்கியவருக்குப் பச்சைப் பொத்தான் காட்டப்படவே காட்டப்படாது. இருபது வருட அனுபவம் உள்ளவருக்கும் நேற்று வந்த மாணவனுக்கும் இதே விதிதான்.

இன்று எனக்கிருக்கும் நெருங்கிய நண்பர்களில் பலரை இந்த விதிதான் தேடிக் கொடுத்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்யும் கம்பெனியொன்றில் இன்ஸ்பெக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 1964-இல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டையில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஒரு வழக்கம் உண்டு. லேத்தில் கடைந்தவர் தன் உருப்படியைத் தானே பாஸ் செய்ய மாட்டார். அவர் கெட்டிக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஆனாலும் வெர்னியரை எடுத்து அளப்பவர் வேறொருவராக இருப்பார். அதனால் விக்கிமூலத்தின் விதியைப் பார்த்ததுமே அது எனக்குப் பிடித்துப்போனது. பட்டறையில் அந்த இரண்டாவது ஆள் பக்கத்து மேசையில் இருந்தார். இங்கே அவர் மட்டக்களப்பில் இருக்கலாம், சேலத்தில் இருக்கலாம், டொராண்டோவில் இருக்கலாம்.

2016 வாக்கில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாக நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் 2,000-க்கும் மேல் விக்கிமூலத்துக்கு வந்து சேர்ந்தன. படத்தை எழுத்தாக மாற்றும் வேலையைக் கணினி செய்துகொடுத்தது. கணினி தடுமாறிய இடங்களில்தான் எங்கள் வேலை தொடங்குகிறது. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பிக்கும்வரை ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற 13 எழுத்துகளுக்குப் பழைய வடிவம் இருந்தது. அதற்கு முன் அச்சான புத்தகங்களில் கணினி ‘என்றான்’ என்பதை ‘என்ருன்’ என்று வாசிக்கும். ‘அதனால்’, ‘அதனுல்’ ஆகும். இவை கண்ணில் உறுத்தும் பிழைகள், உடனே பிடித்துவிடலாம். ஆபத்து ‘னை’யில் இருக்கிறது. ‘அவனைக் கொன்றான்’ என்பது ‘அவனேக் கொன்ருன்’ ஆகிவிட்டால், கூட வந்த ‘க்’ நமக்குச் சாட்சி சொல்லும். ‘அவனை அடித்தான்’ என்ற தொடர் ‘அவனே அடித்தான்’ ஆகிவிட்டாலோ சாட்சிக்கு யாரும் இல்லை. இலக்கணம் சரியாக இருக்கும், வாசிக்கவும் தடையில்லை, அடி வாங்கியவன் அடித்தவனாகிவிடுவான். வேகமாக ஓடும் கண் அதைக் கடந்து போய்விடும். படத்தையும் எழுத்தையும் மாறி மாறிப் பார்க்கும் பொறுமையுள்ள இரண்டாவது ஆளின் அருமை அப்போதுதான் தெரியும்.

எனக்கு அப்படி அமைந்தவர் மட்டக்களப்பில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. டீச்சர் என்றுதான் அழைக்கிறேன், அவர் என்னைத் தம்பி என்கிறார். பழைய எழுத்திலேயே படித்து வளர்ந்தவர் என்பதால் மங்கலான அச்சிலும் அவருக்கு ‘னை’ எது, ‘னே’ எது என்று தெரியும். எங்கள் பழக்கம் ஒரு வாக்குவாதத்தில் தொடங்கியது. மூல நூலிலேயே ஓர் அச்சுப்பிழை. அதைத் திருத்திப் போடலாமா, இருப்பதை இருக்கிறபடி விட வேண்டுமா? படத்தில் உள்ளது உள்ளபடிதான் இருக்க வேண்டும், பிழையென்று தோன்றினால் அதற்குரிய குறியைச் சேர்க்கலாம் என்பது நடைமுறை. டீச்சருக்கு அது ஒப்பவில்லை. பிள்ளைகள் படித்தால் பிழையையே பழகிக்கொள்வார்கள் என்றார். பல நாள் எழுதிக்கொண்டோம். யார் எந்த ஆண்டில், எந்த அச்சகத்தில், எப்படிக் கோத்தார்கள் என்பதும் புத்தகத்தின் வரலாறுதானே என்று நான் சொன்னதை ஒருநாள் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட கையோடு, நான் மஞ்சளாக்கி வைத்திருந்த ஒரு நூலை முழுக்கப் பச்சையாக்கிக் கொடுத்தார். அதைவிடப் பெரிய மரியாதையை எனக்கு யாரும் செய்ததாக நினைவில்லை.

விக்கிமூலத்தின் திருத்த வரலாற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு திருத்தத்தின் அருகிலும் ‘நன்றி’ என்று ஒரு சுட்டி உண்டு. அழுத்தினால் திருத்தியவருக்குச் செய்தி போகும். எந்தத் திருத்தத்துக்கு அந்த நன்றி என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். பொதுவாகச் சொல்லும் நன்றியில் சொன்னவரின் நல்ல மனம் தெரியும். ஒரு ‘லை’யைச் சரிசெய்ததற்கு வரும் நன்றியில் அவர் அந்த ‘லை’யைப் பார்த்திருக்கிறார் என்பதும் தெரியும்.

முகம் பார்க்காத நட்பு என்றதும் பலரும் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் சொல்வார்கள். அந்த நட்பின் பெருமையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் அவர்களுக்கிடையே பொதுவான வேலையென்று எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. எங்களுக்கு நெருக்கமான முன்னோடி உ.வே.சா.தான். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டவருக்குப் பாரிஸிலிருந்து ஜூலியன் வின்சோன் தமிழிலேயே கடிதம் எழுதினார். ஏடுகளையும் நூல்களையும் பற்றிய கடிதப் போக்குவரத்து அது. பாட பேதத்தில் பிறந்த நட்பு என்பேன். அடுத்த நூற்றாண்டின் கடைசியில், 1998 பொங்கலன்று, மதுரைத் திட்டம் அதே வழியில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ச்சுனனும் பல நாட்டுத் தன்னார்வலர்களைச் சேர்த்துத் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்யவும் மெய்ப்புப் பார்க்கவும் வைத்தார்கள். யூனிகோடு தமிழ் பரவலாகாத காலம். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திருக்குறளும் வெறும் குறிகளாகத்தான் தெரியும். அந்த நிலையிலும் ஒருவர் அடித்ததை வேறொரு நாட்டில் இன்னொருவர் சரிபார்த்தார். இன்று நாங்கள் செய்வது அதன் தொடர்ச்சிதான்.

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. டீச்சரின் திருத்தங்கள் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வர ஆரம்பித்தன. அவர் ஊரில் மின்சாரம் எப்போது வருகிறது என்பதை அவருடைய பங்களிப்புப் பட்டியலைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். எரிபொருளுக்கு வரிசை, அரிசி விலை என்று எதையும் அவர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் மஞ்சளாக்கிய பக்கங்களைத் தேங்கவிடாமல் அன்றன்றே பச்சையாக்கினேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

அடுத்த ஆண்டு எங்கள் முறை. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் ஓ.டி.யில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது. கரண்ட் இல்லை, போன் சிக்னல் இல்லை. எல்லாம் திரும்பியபின் பார்த்தால் என் விக்கிமூலப் பேச்சுப் பக்கத்தில் சேலத்திலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் விசாரிப்புகள். டீச்சரும் எழுதியிருந்தார். ‘தம்பி, பக்கங்கள் கிடக்கட்டும். சுகமாக இருக்கிறீர்களா?’ வேலையை விட்டு அவர் எழுதிய முதல் செய்தி அது.

அதற்கு முன்பே ஒருவர் வாசலுக்கு வந்துவிட்டார். ஆவடியில் படித்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவன். என்னிடம் மெய்ப்புப் பார்க்கக் கற்றுக்கொண்டவன், ஆனால் நேரில் பார்த்ததில்லை. முன்பு ஒருமுறை அவனுக்கு ஒரு பழைய அகராதியை அனுப்பியிருந்தேன். அந்த உறையின் மேல் இருந்த அனுப்புநர் முகவரியை வைத்துக்கொண்டு சி.டி.எச். ரோடு வழியாகத் தண்ணீரில் நடந்தும் யார் வண்டியிலோ தொற்றியும் வந்து சேர்ந்திருக்கிறான். பையில் பால் பாக்கெட்டும் பவர் பேங்கும். சென்னையில் பால் கிடைக்காமல் மக்கள் அலைந்த நாள்கள் அவை. ‘ஐயா, உங்க பங்களிப்பு நின்னுபோச்சு, அதான் வந்தேன்’ என்றான். என் மனைவி அவனை உட்காரவைத்துத் தலை துவட்டிவிட்டாள்.

மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘மறைந்து போன தமிழ் நூல்கள்’ எங்கள் எல்லோருக்கும் பிடித்த நூல். தகடூர் யாத்திரை போல முழுமையாகக் கிடைக்காமற் போனவற்றை உரைகளிலிருந்தும் தொகைகளிலிருந்தும் தேடித் தொகுத்துக் காட்டிய உழைப்பு அது. அதைப் படித்துவிட்டு டீச்சர் யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி எழுதினார். 1981-இல் அது எரிந்தபோது 97,000 நூல்கள் போயின. 2005-இல் இலங்கையில் நூலகம் திட்டத்தைத் தொடங்கி, கிடைத்ததையெல்லாம் மின்வடிவமாக்கி வருபவர்களை அவர் மிகவும் மதிக்கிறார், நானும்தான்.

இப்போது ஒரு பெரிய நூலைக் கையில் எடுத்திருக்கிறோம். ஒற்றைப்படைப் பக்கங்கள் டீச்சருக்கு, இரட்டைப்படைப் பக்கங்கள் எனக்கு. முடித்ததும் மாற்றிக்கொள்வோம். அட்டவணைகளும் அடிக்குறிப்புகளும் ஆவடித் தம்பியின் பொறுப்பு, அவற்றை யார் பச்சையாக்குவது என்பதை இன்னும் பேசி முடிக்கவில்லை.