கழற்றி வைத்த வன்வட்டு

தில்லியில் ஒரு பல்கலைக்கழக விடுதி. ஆய்வேட்டின் இறுதி ஆண்டிலிருந்த மாணவி ஒருவரின் பழைய மேசைக் கணினி, ஒரு கோப்பைத் திறக்கவே ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டது. புதிது வாங்க வழியில்லை. உதவித்தொகை மாதக்கணக்கில் நிலுவையில் இருந்தது. ரேமைக் கூட்டி, சுழலும் வன்வட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்தினால் போதும் என்றார் விடுதித் தோழர் ஒருவர்.

நேரு பிளேஸில் முதலில் வாங்கிய ரேம் பொருந்தவில்லை. கணினிக்குரியது டிடிஆர் 3. வாங்கி வந்ததோ டிடிஆர் 4. முன்னதில் 240 முனைகள், பின்னதில் 288. நடுவிலுள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது நுழைந்துவிடாதபடி செய்த ஏற்பாடு அது. மாற்றி வாங்கி வந்தார். கோப்புகளை இரண்டு இடங்களில் படியெடுத்தார். மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்னேற்றத்தை வடியவிட்டார். பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னையும் இறக்கிய பின்னரே உள்ளே கை வைத்தார். மாலைக்குள் கணினி அரை நிமிடத்தில் விழித்தெழுந்தது.

கழற்றிய 500 ஜிபி வன்வட்டு மேசைமேல் கிடந்தது. சில நூறு ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். கட்டுமானத் தொழிலாளர்களின் நேர்காணல்கள் அதில்தான் இருந்தன. பெயர் வெளிவராது என்ற வாக்குறுதியை நம்பி, ஒப்பந்தக்காரர் பிடித்துவைத்த கூலியைப் பற்றிப் பேசியவர்கள் அவர்கள். கோப்புகளை நீக்கி, விரைவு ஃபார்மேட்டும் செய்தாயிற்று என்று மாணவி நிம்மதியாக இருந்தார்.

தோழர் மறுத்து எதுவும் சொல்லவில்லை. இலவச மீட்பு மென்பொருள் ஒன்றை ஓட்டிக் காட்டினார். சற்று நேரத்தில் ஒரு பெண் தொழிலாளியின் குரல் அறையில் ஒலித்தது.

நூலகத்தில் அட்டவணை அட்டையைக் கிழித்தெறிவதால் நூல் தட்டிலிருந்து மறைந்துவிடுவதில்லை. விரைவு ஃபார்மேட்டும் அட்டவணையைத்தான் புதிதாக்குகிறது. வேறொன்று மேலே எழுதப்படும்வரை பழைய தரவு வட்டில் அப்படியே கிடக்கும்.

அன்றிரவு வட்டை யுஎஸ்பி வழியே இணைத்து, அதன் முழுப் பரப்பையும் சுழியங்களால் நிரப்பச் செய்தார். முடிவதற்குள் விடிந்துவிட்டது. மீண்டும் மீட்பு மென்பொருளை ஓட்டினார். எந்தக் குரலும் வரவில்லை. அதன் பிறகே வட்டு கடைக்குப் போனது.

தரவு பாதுகாப்பாக வைக்கப்படும் என்று அவருடைய ஒப்புதல் படிவம் சொல்லியிருந்தது. கணினியிலிருந்து கழற்றப்படும் வட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அடுத்த களப்பணிக்கான படிவத்தில் அந்த வரி சேர்ந்தது.