சாய்தளத்தில் தோள்கொடுப்போர்

கடற்கரை ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் படகைக் கடலில் இறக்குவது என்றால் மனத்தில் எழும் காட்சி ஒன்றுதான். மணலில் கிடக்கும் வள்ளத்தின் இருபுறமும் பத்துப் பேர் தோள்கொடுத்து நிற்பார்கள். ஒருவர் குரல் கொடுக்க, அனைவரும் ஒருசேரத் தள்ளுவார்கள். காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வந்து, இன்று சிட்னியின் மேற்குப் புறநகர்களில் வாழும் நாங்கள் நான்கு குடும்பத்தார் சேர்ந்து சிறியதோர் அலுமினியப் படகை வைத்திருக்கின்றோம். கோடைக்காலச் சனிக்கிழமைகளில் ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் மீன்பிடிக்கப் பாட்டனி விரிகுடாவுக்குப் புறப்படுவோம். இங்கே படகை இறக்குவது தோள்களின் வேலையன்று. ஒற்றை ஓட்டுநரின் வேலை. மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

தண்ணீருக்குள் இறங்கிச் செல்லும் கான்கிரீட் சாய்தளத்தில், படகைச் சுமந்த டிரெய்லரைக் காரால் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கை பழகிய வழக்கம் முழுவதும் இங்கே தலைகீழாகிவிடும். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். பதறி மேலும் திருப்பினால் காரும் டிரெய்லரும் மடிக்கத்தி மடிவதைப்போல் ஒன்றையொன்று நெருங்கிவிடும். டிரெய்லர் குட்டையானதாக இருந்தால் இது இன்னும் விரைவாக நிகழும். பழகியவர்கள் சொல்லித்தரும் வழி எளியது: ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்துக்கொள்ளுங்கள், டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். கோணம் தவறினால் பின்னோக்கியே சரிசெய்யப் போராடாமல், முன்னே எடுத்து நேராக்கிக்கொண்டு மறுபடியும் தொடங்குங்கள்.

சாய்தளத்தில் நிகழும் விபத்துகள் பலவகை. படகின் வடிகால் துளையை அடைக்க மறந்து இறக்கிவிட்டு, சற்று நேரத்தில் கால் நனைவதைக் கண்டு அலறுவோர் உண்டு. பின்புறப் பட்டைகளை அவிழ்க்க மறந்தவர், படகு ஏன் மிதக்கவில்லை என்று வியந்தபடியே காரை மேலும் மேலும் ஆழத்துக்குக் கொண்டு போவார். வின்ச் கொக்கியை நீர்விளிம்பை அடையும் முன்பே கழற்றியவரின் படகு, டிரெய்லரின் உருளைகளில் வழுக்கி வெறும் கான்கிரீட்டில் விழும். இவற்றில் பல, பொருள் இழப்போடு முடிந்துவிடுபவை. எல்லாமே அப்படி முடிவதில்லை.

சென்ற ஆண்டுக் கோடையில் நாங்கள் சாய்தளத்தில் எங்கள் முறைக்காகக் காத்திருந்தபோது, எங்களுக்கு முன்னால் நம் சமூகத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் இருந்தார். படகு வாங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. பின் இருக்கையில் ஏழு வயது மகள். இரண்டு முறை டிரெய்லர் குறுக்கே திரும்பிவிட்டது. மூன்றாம் முறை முயலும்போது வரிசையில் யாரோ ஹாரன் அடித்தார்கள். எங்களில் ஒருவர் அருகில் சென்று, “காக்கா, அவசரமில்லை. முன்னால் எடுத்து நேராக்கிக்கிட்டு வாங்க,” என்றார். ஆனால், ஹாரனின் ஓசை அவருடைய செவியை நிறைத்திருந்தது. எப்படியோ நீரை எட்டியதும், படகை விடுவிக்க விரைந்து இறங்கினார்.

பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களையே பிடிக்கும். அவருடைய காரின் பின்சக்கரங்களோ, நீர்மட்டத்தை ஒட்டிப் பச்சைப் பாசி படர்ந்த இடத்தில் நின்றிருந்தன. கார் ஓசையின்றி வழுக்கத் தொடங்கியது. டிரெய்லரின் சக்கரங்கள் சாய்தளத்தின் கடைசி விளிம்பைத் தாண்டி விழுந்து, அதன் அச்சு கான்கிரீட்டில் மாட்டியதால்தான் கார் நின்றது. அதற்குள் பின்கதவின் அடிவிளிம்புக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. பக்கத்துத் தடத்தில் நின்ற முதியவர் ஒருவர், நமக்கு முற்றிலும் அறிமுகமற்றவர், இடுப்பளவு நீரில் இறங்கிக் கதவைத் திறந்து, சீட்பெல்ட்டை விடுவித்துக் குழந்தையைத் தூக்கிக் கரையேற்றினார். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை.

ளுஹர் தொழுகை நேரத்துக்குள் அந்தக் காட்சி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிட்டது. பாட்டும் சிரிப்பொலியும் சேர்க்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு அடியில், கேட்க விரும்பியவர்களுக்குக் குழந்தையின் அழுகையும் கேட்டது. அனுப்பியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதை அல்குர்ஆன் தடுத்திருப்பதை, ஹுஜுராத் அத்தியாயத்தை ஓதும் ஒவ்வொருவரும் அறிவோம். கண்ணெதிரே நிற்பவரைப் பார்த்துச் சிரிக்கக் கூசும் நாம், திரையில் தெரிபவர் என்றால் ஏனோ கூசுவதில்லை. அந்தச் சகோதரர் அதன்பின் பல மாதங்கள் சாய்தளத்தின் பக்கமே வரவில்லை. காரைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் மகள், “வாப்பா, நான் இறங்கிக்கவா?” என்று கேட்கிறாளாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வை என்னும் கருத்தில் அமைந்த நபிமொழியை நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுகின்றோம். சாய்தளத்தில் ஒட்டகத்தைக் கட்டுவது எப்படி என்பதை, அந்நாளுக்குப் பின் எங்கள் நான்கு குடும்பங்களும் அமர்ந்து பேசி எழுதி வைத்துக்கொண்டோம். கார் சாய்தளத்தில் கால்வைக்கும் முன்பே பிள்ளைகள் இறங்கிவிட வேண்டும். ஓட்டுநர் சீட்பெல்ட்டைக் கழற்றிக் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். பாசி படர்ந்த இடத்துக்குப் பின்சக்கரங்களைக் கொண்டுபோகக் கூடாது. ஓட்டுநர் இருக்கையை விட்டு எழவே கூடாது. படகை விடுவிப்பது மற்றவர் பொறுப்பு. வடிகால் அடைப்பு, பட்டைகள், விளக்கு மின்னிணைப்பு ஆகிய அனைத்தையும் மேலே ஆயத்தத் திடலிலேயே பார்த்து முடிக்க வேண்டும். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சக்கரங்களை உடனே குளிர்ந்த கடல்நீரில் இறக்கினால் பேரிங்குக்குள் உப்புநீர் உறிஞ்சப்படும். ஆகவே, அவை ஆறும்வரை அங்கேயே காத்திருக்கலாம். ஆயத்தத்தை மேலேயே முடித்தவர் சாய்தளத்தை விரைவில் காலிசெய்துவிடுவார். பின்னால் நிற்பவருக்கு ஹாரன் அடிக்கக் காரணம் இராது.

படகை இறக்கிய பின்னரும் கவனம் வேண்டும். நிறுத்துமிடத்தில் முன்னோக்கித் திரும்பும்போது டிரெய்லர் உட்புறமாக மூலையை வெட்டிக்கொண்டு வரும். அகலமாகத் திரும்பாவிட்டால் பக்கத்து வண்டியை உரசிவிடும். டிரெய்லரோடு நிறுத்துவதற்கென்று நீளமாகக் கோடிட்ட இடங்களில், கடற்கரைக்கு உலாவ வந்தவர்கள் தனிக் காரை நிறுத்திச் செல்வதையும் காண்கின்றோம். நமக்கு நடக்கச் சில அடிகள் மிச்சம்; படகோடு வந்தவருக்கோ நிறுத்த இடமே இல்லை. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது தர்மம் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், நம் வண்டியே அந்த இடையூறாக நிற்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டாமா?

குளிர்காலம் வந்ததும் எங்களில் இருவர் அந்தச் சகோதரரின் வீட்டுக்குச் சென்றோம். தேநீருக்குப் பின், “வாங்க காக்கா, கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாம்,” என்று அழைத்தோம். ஞாயிறு காலைகளில் ஆளரவமற்ற வாகனத் திடல் ஒன்றில் இரண்டு வாளிகளை இடைவெளிவிட்டு வைத்து, அவற்றினிடையே டிரெய்லரைக் கொண்டு நிறுத்தச் சொன்னோம். முதல் நாள் இரு வாளிகளும் நசுங்கின. மூன்றாம் ஞாயிறு வாளிகள் தப்பின. அன்று மகளும் வந்திருந்தாள். பாதுகாப்பான தொலைவில் உம்மாவோடு நின்று, கையை உயர்த்தி வழிகாட்டினாள். பக்கக் கண்ணாடியில் வழிகாட்டுபவர் தெரியவில்லையென்றால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்பது ஓட்டுநருக்கு உரிய விதி. அதை அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தோம். ஒவ்வொரு முறையும் கார் நகரத் தொடங்கும் முன், “வாப்பா, என்னைத் தெரியுதா?” என்று உரக்கக் கேட்டாள். தெரிகிறது என்று அவர் சொன்ன பிறகே கையசைத்தாள்.