111 நாளைக்கு ஒரு ராத்திரி

என் அப்பா நாமக்கல் லாரி டிரைவர். நேஷனல் பர்மிட். லோடு ஏற்றிக்கொண்டு கௌஹாத்தி போவார். அங்கிருந்து கிடைத்த லோடைப் பிடித்து இன்னும் எங்கேயோ... மூன்று மாசம் ஆளைக் காணோம். திடீரென்று ஒரு சாயந்திரம் வந்து நிற்பார். கோழிக் குழம்பு, ஒரு தூக்கம். விடிகாலையில் 'ஓனர் கூப்பிட்டாரு' என்று கிளம்பிவிடுவார்.

இதே குணத்தில் ஒரு கிரகம் இருக்கிறது, ஸார்! பேர்தான் லெட்ஜர் நம்பர் மாதிரி: ஹெச்டி 80606 பி. சப்தரிஷி மண்டலப் பக்கம் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றுகிறது. பாதை வட்டமில்லை, வெள்ளரிக்காய். தூரத்தில் 13 கோடி கிலோமீட்டர். கிட்டே வந்தால் வெறும் 45 லட்சம். தூரத்தில் ஆடி அசைந்து போகும். கிட்டே வந்ததும் ஒரே ஓட்டம்! ஒரு சுற்றுக்கு 111 நாள். அந்த நெருக்கத்தில் ஆறே மணி நேரத்தில் அதன் சூடு சுமார் 500 டிகிரியிலிருந்து 1200-க்கு எகிறியதை 2007-ல் விண்வெளியிலிருந்து ஸ்பிட்சர் தொலைநோக்கி பார்த்தது.

கண்டுபிடித்தது 2001-ல். ஆனால் அது நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகிறதா என்று எட்டு வருஷம் யாருக்கும் தெரியாது. போனால் வெளிச்சம் நூற்றில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். (வெளிச்சம் குறைவதை அலட்சியப்படுத்தக் கூடாது. நம்ம ஜவ்வாது மலைக் காவலூரில் 1977 மார்ச் 10-ல், யுரேனஸ் மறைப்பதற்கு முன்பே ஒரு நட்சத்திரம் மங்கியது. யுரேனஸுக்கு வளையம் இருப்பது அன்றைக்குத்தான் அகப்பட்டது.) 111 நாளைக்கு ஒரு வாய்ப்பு. அந்த நேரம் நம் ஊரில் பகலா, போச்சு. மேகமா, போச்சு. கடக்கவே 12 மணி நேரம் ஆவதால், ஒரே ஊரில் உட்கார்ந்து முழுசாகப் பார்ப்பதும் கஷ்டம்.

2009 பிப்ரவரி 13 ராத்திரி ஐரோப்பாவில் மூன்று குழுக்கள் பிடித்துவிட்டன. லண்டனில் வைத்திருந்தது மாணவர்கள் பழகும் 35 சென்டிமீட்டர் தொலைநோக்கிதான்! ஆனால் இருட்டுவதற்குள்ளேயே கிரகம் உள்ளே நுழைந்தாகிவிட்டது. கிடைத்தது அது வெளியேறும் காட்சி மட்டும். முழுசாகப் பார்க்க 2010 ஜனவரியில் மறுபடி ஸ்பிட்சர்தான் வேண்டியிருந்தது.

எனக்கும் வெளியேறும் காட்சிதான் வாய்த்தது. 2012 மார்ச் 31. சேலத்தில் ஆடிட்டர் ஆபீஸ், வருஷக் கணக்கு முடிப்பு. நாமக்கல் வந்து சேர ராத்திரி ஒரு மணி. அப்பா வந்திருந்தார், குறட்டை. காலையில் பேசிக்கொள்ளலாம் என்று படுத்தேன். இஞ்சின் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடியபோது, முக்கில் திரும்பும் லாரியின் சிவப்பு லைட் மட்டும் தெரிந்தது.

"பையன் தூங்கட்டும், எழுப்பாத. அடுத்த நடைக்குப் பாத்துக்கலாம்" என்றாராம் அம்மாவிடம்.

அந்த நடையிலிருந்து அப்பா திரும்பவில்லை.