ஒரே வரிசையில் நீலமும் சாம்பலும்

ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடுதல் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு முறையும் குழாயின் வாய்வழியே கரிமருந்து போட்டுச் சுடும் போட்டி தெரியுமா?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், வின்செஸ்டர் நகருக்கு அருகே ஷெனாண்டோ கோட்டை இருக்கிறது. பெயர்தான் கோட்டை, உண்மையில் சுடுதளம்! 1950-இல் தொடங்கிய வடக்கு-தெற்கு ஸ்கர்மிஷ் சங்கத்தின் தேசியப் போட்டிகள் இங்கேதான் நடக்கின்றன. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் சீருடை, அக்காலத் துப்பாக்கி அல்லது அதன் நகல்.

மஸ்கட் போட்டியில் அணிக்கு 8 பேர். மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைக் கம்பியால் உள்ளே தள்ளி, கேப் மாட்டிச் சுட வேண்டும். இலக்கு, உடையும் மண் தட்டுகள். குறைந்த நேரத்தில் எல்லாவற்றையும் உடைக்கும் அணிக்கே வெற்றி.

ஆனால் அவசரம் ஆபத்து. குழாய்க்குள் தணல் மிச்சமிருந்தால், கொட்டும்போதே மருந்து பற்றிக்கொள்ளும். அதனால் ஒரு வெடிக்குத் தேவையானதை மட்டும் முன்பே தனித்தனியாக அளந்து வைப்பார்கள். பீரங்கியில், ஈரத் துடைப்பானால் குழாயைத் துடைத்த பிறகே அடுத்த மருந்து.

அந்தப் போரில் 6 லட்சத்துக்கும் அதிகமான வீரர்கள் மாண்டார்கள். சாம்பல் சீருடை, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தரப்பினுடையது. அதை விளையாட்டுக்கு அணியலாமா? நியாயமான கேள்விதான். வரலாற்றை மறைத்துவிட்டு அணிந்தால் தவறு. ஆனால் அன்று எதிரெதிரே நின்ற இரு நிறங்களும் இன்று ஒரே வரிசையில் நின்று மண் தட்டைச் சுடுகின்றன. உடைவது தட்டு மட்டும்தான் என்பதும் ஒரு முன்னேற்றமே!