நேர்வழி இல்லாத மலை

சிலமலைக்காரர்களுக்கு மேற்கு என்றால் மலைதான். போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில், ராசிங்காபுரத்துக்கு முன்னால் இருக்கிறது ஊர். மற்ற ஊர்களில் வெயில் இருக்கும்போதே எங்கள் தோட்டங்களில் மலைநிழல் விழுந்துவிடும். அந்தச் சுவரின் மேலே ஏலக்காடு, கீழே தென்னையும் மாவும் மானாவாரிச் சோளமும். தென்மேற்குப் பருவத்தில் அங்கே மழை கொட்டித் தீர்க்கும். எங்களுக்கு வருவது காற்றும் கொஞ்சம் சாரலும். ஐப்பசி பிறந்தால்தான் எங்கள் மழை.

கண்ணெதிரே நிற்கும் அந்த மலைக்கு எங்கள் பக்கத்திலிருந்து வண்டிப்பாதை கிடையாது. கொழுக்குமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது தேனி மாவட்டம், போடி தாலுகா. ஆனால் அங்கே வண்டியில் போக வேண்டுமானால் போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் நுழைந்து, பூப்பாறை, சூரியநெல்லி வழியாகச் சுற்றி, மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் வர வேண்டும்.

கல்லூரி நண்பர்கள் கூடாரம் போட்டுத் தங்க இடம் கேட்டபோது எனக்கு முதலில் தோன்றியது கொழுக்குமலைதான். அவர்களில் ஒருவன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறவன். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் ஊரே இல்லாத பாலைவழிகளில் ஜீப்பை ஓட்டிப்போய், கடலோரத்தில் படுத்து எழுந்து வந்தவன். அந்த மாதிரி இங்கே எங்கேயாவது உண்டா என்று கேட்டான். உண்டு என்றேன். தை மாதமாகப் பார்த்துக் கிளம்பினோம். மாசி பிறந்தால் புல் காய்ந்துவிடும். அதன்பிறகு அந்த மலையில் யாரும் இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

முந்தல் சோதனைச்சாவடி தாண்டியதும் ஏற்றம். 17 கொண்டை ஊசி வளைவுகள். இது கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85, நல்ல சாலை. நாங்கள் கிளம்பியது விடிவதற்கு முன். ஒவ்வொரு வளைவிலும் எங்களை முந்திக்கொண்டு ஜீப்புகள் ஏறின. தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி, நெருக்கியடித்து உட்கார்ந்த பெண்கள். போடி, சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் என்று அடிவாரத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கவும் களை எடுக்கவும் போகிறவர்கள். விடியுமுன் ஏறி, பொழுது சாய இறங்குவார்கள். எங்கள் தெருவில் இந்த ஜீப்பு சத்தம்தான் கோழிக்கு முந்தி எழுப்பும்.

போடிமெட்டில் குளிர் முகத்தில் அறைந்தது. தொண்டிமலை தாண்டியதும் இரண்டு பக்கமும் ஏலச்செடி. ஏலத்துக்கு நேர்வெயில் ஆகாது. பெருமரங்களின் நிழல் வேண்டும், ஈரம் வேண்டும். திருவிதாங்கூர் அரசு 1897-இல் ஏலமலைக் காடுகளைக் காப்புக்காடாக அறிவித்ததற்கும் இந்த நிழல்தான் காரணம். காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்தே, முற்றிய காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். நான் வண்டியை நிறுத்தச் சொல்லி, வேலியோரம் இருந்த ஒரு சரத்தைத் தூக்கிக் காட்டினேன். காசு கொடுத்து ஏலக்காய் வாங்குகிற எல்லாரும் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

பறித்த காய் தோட்டத்து ஸ்டோரில் உலர்ந்து போடிக்கும் புற்றடிக்கும் ஏலத்துக்கு வருகிறது. அங்கே விலை சொல்லும்போது குவாதமாலா விளைச்சலையும் கணக்கில் வைத்துத்தான் சொல்வார்கள். மெக்சிகோவுக்குத் தெற்கே அடுத்த நாடு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மானியக் காப்பித் தோட்டக்காரர் அங்கே கொண்டுபோய் நட்ட ஏலம், இன்று அந்த நாட்டை உலகத்தின் முன்னணி ஏலக்காய் உற்பத்தி நாடாக ஆக்கியிருக்கிறது. அங்கே மழை பொய்த்தால் எங்கள் போடியில் விலை ஏறும். பாஹாவுக்குப் போன நண்பன் இதைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் வந்தான்.

ஆனையிறங்கல் அணையைச் சுற்றிக்கொண்டு சின்னக்கானல், அங்கிருந்து சூரியநெல்லி. இது யானைகளின் இடம். அரிசிக்காக ரேஷன் கடைகளை உடைத்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் இங்கேதான் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மே மாதக் கடைசியில் கம்பம் ஊருக்குள்ளேயே இறங்கியது. எங்கள் மாவட்டமே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். சூரியநெல்லி டீக்கடையில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு பெரியவர், “அது பொறந்த எடம்ங்க இது” என்று மட்டும் சொன்னார்.

கோவை நண்பன் ஃபோர் வீல் வண்டி புதிதாக வாங்கி, அதில்தான் எங்களை ஏற்றி வந்திருந்தான். சூரியநெல்லியோடு அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கொழுக்குமலைக்கு உள்ளூர் ஜீப்புகள் மட்டும்தான் போகலாம். இது சரியான ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பாதையைத் தெரிந்துகொள்ள வருஷங்கள் வேண்டும்.

பாதை என்று சொல்கிறோம். உருண்டைப் பாறைகளும் மழைநீர் அறுத்த பள்ளங்களும்தான். ஏறத்தாழ 12 கிலோமீட்டர். டிரைவர் அண்ணன் இறங்கி முன்சக்கரங்களைப் பூட்டிவிட்டு ஏறினார். குட்டைக் கம்பியை இழுத்து லோ கியருக்கு மாற்றினார். அதன்பிறகு வண்டி நடக்கிற வேகத்தில்தான் ஏறியது. ஒரு சக்கரம் பாறைமேல், ஒன்று பள்ளத்தில், ஒன்று அந்தரத்தில். பின்னால் இருந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். நான் அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக்கைத் தொடவே இல்லை.

“பிரேக்க நம்பி எறங்குனா வண்டி வழுக்கிரும் தம்பி. ஏறுன கியர்லயேதான் எறங்கணும்.”

எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் பழகியதுதான் என்றார். உரமூட்டை, விறகு, பிரசவ வலி எடுத்த பெண் எல்லாம் இந்த வழியில்தான். சுற்றுலா வந்தது பிறகு.

மேலே தேயிலைத் தொழிற்சாலை 1930-களில் கட்டியது. இன்னமும் பழைய முறையில் இலையை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்துகிறார்கள். கடல்மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேலே விளையும் இலை. கறுப்புத் தேநீராகக் குடித்தால் அதன் மணம் தெரியும். பாலை ஊற்றிக் கெடுக்க வேண்டாம். வடக்கே 2,640 மீட்டர் உயரத்தில் மீசப்புலிமலை. தோட்டத்தார் அனுமதித்த சமதரையில் கூடாரம் அடித்தோம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறும் பருப்புத் துவையலும் இராத்திரிக்கு. குளிர் ஏற ஏறத் தீ மூட்டலாம் என்று பேச்சு எழுந்தது. வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள். மலைவிளிம்புக்குக் கூட்டிப்போய்க் கீழே காட்டினேன்.

நேர் கீழே குரங்கணி. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் மலையேற வந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த போதைப்புல் ஆளுயரம் நிற்கும். காற்று மேலேறினால் தீயும் கூடவே ஏறும், மனிதரைவிட வேகமாக. அன்று முதலில் ஓடியது அடிவாரத்து ஊர்க்காரர்கள். போர்வையில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். அதே வருஷம் ஆவணி, புரட்டாசியில் இந்தச் சரிவுகளில் குறிஞ்சி பூத்தது. இனி 2030-இல் பூக்கும். அந்தத் தீக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தமிழ்நாட்டில் விதிமுறைகள் வந்தன. 2024-இல் வனத்துறை வழிகாட்டிகளோடு 40 பாதைகளைத் திறந்திருக்கிறது. தனியாக யாரும் இறங்க முயல வேண்டாம்.

இந்தத் தீயை நண்பர்கள் எல்லாரும் அறிந்திருந்தார்கள். இன்னொரு தீயை ஒருவரும் கேள்விப்படவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எல்லை அடைபட்டது, ஜீப்பு நின்றது. பேத்தொட்டிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த ராசிங்காபுரத்துக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு காட்டுவழியாக நடந்து வீட்டுக்கு இறங்கினார்கள். வழியில் காட்டுத்தீ. கைக்குழந்தையோடு சேர்த்து உயிர்கள் போயின. எங்களுக்கு அடுத்த ஊர். நாடு முழுக்க அன்று வேறு செய்தி ஓடிக்கொண்டிருந்ததால் இது இரண்டு மூன்று நாளில் அடங்கிப் போனது. குரங்கணித் தீயைச் சொல்லும்போதெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். முதலாவதில் இறந்தவர்கள் மலையைப் பார்க்க வந்தவர்கள். இரண்டாவதில் இறந்தவர்களுக்கு அது வீட்டுக்குப் போகும் வழி.

நேர்வழி ஒரு காலத்தில் இருந்தது, பொருளுக்கு. மூணாறுத் தேயிலையைக் கொண்டுவர 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள்; 1908-இல் அதைச் சிறு ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் பெட்டிகள் கொட்டகுடிக்குத் தொங்கி இறங்கின. அங்கிருந்து போடி, போடியிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம். 1924 வெள்ளம் மேலே இருந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. போடிக்கு 1928-இல் வந்த மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்று, அகலப்பாதையாகி 2023 ஜூனில் திரும்பி வந்துவிட்டது. மலைக்கு மட்டும் நேர்வழி வரவில்லை. தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டுக்குச் சாலை கேட்டு எங்கள் பக்கத்து மக்கள் பல காலமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இடையில் காடு. மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறு காட்டுக்கும் இடையே விலங்குகள் நடமாடும் மலைத்தொடர் அது. அதைக் கிழித்துத் தார்ச்சாலை போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு நெருக்கியடிக்காத நல்ல பேருந்துகளும், தீக்காலத்தில் நடைபாதைகளைக் காக்கும் ஆட்களும் காட்டை அழிக்காமலே கொடுக்கக்கூடியவை. அவையும் இல்லை.

இருட்டியதும் கீழே போடியின் விளக்குகள் தெரிந்தன. அதற்குத் தெற்கே தேவாரம் சாலையோரமாக ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் புள்ளி வைத்தன. நான் சிலமலையைக் கை நீட்டிக் காட்டினேன். விடியலில் அந்த இடம் முழுக்க மேகக்கடல். கிழக்கே சூரியன் அதைக் கிழித்துக்கொண்டு வந்தது. கூட்டமாக ஜீப்புகள் வந்து நின்று, அத்தனை பேரும் ஒருசேர அமைதியானார்கள். உலகத்தில் எங்கே போனாலும் இதற்கு ஈடாக ஒரு காலைப்பொழுதைச் சொல்வது கஷ்டம் என்றான் பாஹா நண்பன்.

திரும்பும்போது போடிமெட்டில் டீக்கு நிறுத்தினோம். மாலை ஜீப்புகள் இறங்கும் நேரம். ஒன்றில் எங்கள் தெரு அத்தை.

“என்னப்பா, இங்கிட்டு?”

“கொழுக்குமலைக்குப் போய்ட்டு வாரோம் அத்தை. இவுங்க கூட்டாளிங்க.”

கையெல்லாம் ஏலக்கறை. கோவை நண்பன், தினமும் இவ்வளவு தூரம் சுற்றித்தான் வருவீர்களா என்று கேட்டான்.

“தோட்டத்துல இருந்து நடந்து எறங்குனா ஊருக்குள்ளயே எறங்கிரலாம் தம்பி. முன்ன எல்லாம் நடந்தவுகதான். அந்தப் பச்சப்புள்ளைய நெனச்சா இப்பக் கால் போக மாட்டேங்குது.”

டிரைவர் ஹாரன் அடித்தார். அத்தை தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு ஏறி, மற்றவர்களை நெருக்கி இடம் பண்ணிக்கொண்டார்.